உரல்பாறையில் மூன்று தழை

ஜனவரி 6, சனி. பனிக்கொம்பு அடிவாரம்

காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். நான் ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டேன். கூட்டம் தொடங்கியபோது பன்னிரண்டு. அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான், தாமதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அதற்காக ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லையே என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த இரண்டு மணி நேரமும் வனவிலங்குக் காப்பகத்தின் சோதனைச் சாவடியில் நின்றேன். 'வனவிலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்' என்று ஆள் உயரப் பலகை. அதன் அடியிலேயே ஒரு குடும்பம் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. வயிற்றில் குட்டியைச் சுமந்த தாய்க்குரங்கு பாக்கெட்டையே பிடுங்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, உள்ளே கையை விட்டு நக்கியது. குடும்பத் தலைவர் அதைப் படம் எடுத்தார். நான் போய்ச் சொன்னேன். "நீங்க ஃபாரஸ்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் உங்களுக்கென்னங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முட்டிக்கொள்ளும். பிறகு இப்படி எழுதித்தான் ஆற்றிக்கொள்வேன்.

எழுதுவது பழைய பழக்கம். வருவாய் ஆய்வாளராக இருந்தபோது மாதாமாதம் தாசில்தாருக்கு நாட்குறிப்பு அனுப்ப வேண்டும்: எந்தத் தேதியில் எந்தக் கிராமம், என்ன தணிக்கை. அது அரசாங்கத்துக்கு. வீட்டுக்கு வந்து எனக்கென்று இன்னொன்று எழுதுவேன். முப்பத்தெட்டு டைரி பீரோவில் இருக்கின்றன. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் விடவில்லை.

இங்கே வந்தது மகள் கவிநயா செய்த வேலை. "டிவியோட சண்டை போட்டது போதும்ப்பா, காட்டுக்குப் போங்க" என்று, மழைக்குப் பிந்தைய வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக என் பெயரைப் பதிந்துவிட்டாள். காட்டில் நடந்து, கண்ணில் படும் மிருகத்தையும் காலடியையும் சாணத்தையும் (லத்தி என்கிறார்கள்) படிவத்தில் எழுத வேண்டும். ஆறு நாள்.

முதலில் என் பெயரை இரண்டாம் தடத்தில் வாசித்தார்கள். சமதளம், என் முட்டிக்கு ஏற்றது. பட்டியல் வாசித்து முடித்ததும் வேட்டைத் தடுப்புக் காவலன் ஒருவன் ரேஞ்சரின் காதில் ஏதோ சொன்னான். உடனே "நாச்சிமுத்து சார், நீங்க ஏழு" என்று மாற்றிவிட்டார்கள். ஏழாம் தடம்தான் இருப்பதிலேயே செங்குத்தாம். காரணம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி உத்தரவு போடுவதும் மாற்றுவதும் இந்த நாட்டில் என்றைக்கு ஒழியுமோ.

ஜனவரி 7, ஞாயிறு. ஏழாம் தட முகாம்

ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஃபர்ஹானா, கோவையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர், முப்பது வயதிருக்கும், பேச்சு குறைவு, கண் கூர்மை. மற்றவன் மாசாணன், நேற்று ரேஞ்சரின் காதைக் கடித்த அதே காவலன். பக்கத்து மலசர் பழங்குடியினரின் பதியை, அதாவது குடியிருப்பைச் சேர்ந்தவன், நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருடமாகத் தற்காலிகப் பணியாளன். இருபது வருடம் என்ன தற்காலிகம் என்று கேட்டேன். சிரித்தான்.

முகாம் என்பது ஒரே அறை, ஓட்டுக் கூரை, சுற்றிலும் யானை தாண்டாமல் இருக்க அகழி. அதன்மேல் இரண்டு பலகை போட்டு நடக்க வேண்டும். சோலைக்குள் ஈரம் இன்னும் காயவில்லை. காலுறைக்குள் புகுந்த அட்டைகளை மாசாணன் மூக்குப்பொடி தடவி உதிர்த்துவிட்டான். உருவத்துக்கு மீறி இரத்தம் குடிக்கிறது அது.

வரும் வழியில் உரல்பாறை என்ற இடம். பாறை நடுவே உரல்போலக் குழி, அதில் காய்ந்த தழைக் குவியல். அதைத் தாண்டும் ஒவ்வொருவரும் ஒரு தழை ஒடித்துப் போட வேண்டுமாம். யானை நடக்கிற தடத்துக்குள் போகிறோம், அதனிடம் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி என்றான். ஃபர்ஹானா மறுபேச்சில்லாமல் போட்டாள். நான் மாட்டேன் என்றேன். அறிவியல் கணக்கெடுப்புக்கு வந்துவிட்டு இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"பரவால்லீங்க சார். உங்களுக்கும் சேத்து நானே போட்டர்றனுங்க. பழக்கந்தான்" என்று இன்னொரு தழையை ஒடித்தான்.

படிவம் எழுதும் வேலை எனக்கு. ஃபர்ஹானா பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்" என்றாள். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் மூன்று தாசில்தார்கள் முக்கியமான அறிக்கைகளை என்னிடம் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அந்த முப்பத்து நான்கு வருடத்தில் யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை என்பதையும் சொன்னேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

ஜனவரி 8, திங்கள்

ஆறரைக்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரத்தில் கடமான் இரண்டு, மலை அணில் ஒன்று, கருமந்திக் கூட்டம். தலைக்கு மேல் இருவாச்சி பறந்தபோது இறக்கைச் சத்தம் தனியாகக் கேட்டது. அறுபத்து மூன்று வயதுவரை இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. பிறகு யானை லத்தி. மாசாணன் காலால் புரட்டி, "நேத்து ராவுதுங்க" என்றான். பத்தடிக்கு ஒன்று. எழுத எழுத மாளவில்லை.

எல்லாம் ஒரே திசையில் போயிற்று, இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள கணவாயை நோக்கி. வண்டிப் பாதை அகலத்துக்குத் தேய்ந்த தடம். எத்தனை தலைமுறை யானை நடந்திருந்தால் பாறை இப்படி வழுவழுப்பாகும். அந்தத் தடத்திலேயே போனோம். போய் ஒரு மதிலில் முட்டினோம்.

பத்தடி உயரம். மேலே கண்ணாடிச் சில், அதற்கு மேல் மின்கம்பி. கணவாயை இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுவரை அடைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் 'நீலமுகில்' என்ற விடுதி. நீச்சல் குளம். காலை எட்டரை மணிக்கே பாட்டு. இரண்டாவது கட்டடத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மதிலின் இந்தப் பக்கம் முழுக்க லத்தி. வந்து, நின்று, திரும்பிப் போன காலடிகள், பெரிதும் சின்னதும்.

காப்பக எல்லையிலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. யானை வழியில் சுவர் எழுப்ப அனுமதி கொடுத்தவன் மனுஷனா? அவன் வீட்டு வாசலில் யாராவது இப்படிச் சுவர் வைத்தால் சும்மா இருப்பானா? "எந்த மடையன்யா இதுக்குக் கையெழுத்துப் போட்டது?" என்று சத்தமாகவே கேட்டேன்.

மாசாணன் மதிலைப் பார்த்தபடி சொன்னான்: "காயிதமெல்லாம் சரியா இருக்குதாமுங்க சார்."

"எப்பக் கட்டினாங்க?" என்று ஃபர்ஹானா கேட்டாள்.

"பன்னெண்டு வருசமாச்சுங்க மேடம். முன்னால இது ஏலக்காத் தோட்டம். புளியம்பட்டியார் எஸ்டேட்டும்பாங்க. கீழ பங்களா, மேல தோட்டம்."

அதன்பிறகு வெயில் ஏறிவிட்டது. முட்டி வலி. முகாமுக்குத் திரும்பிவிட்டோம்.

ஜனவரி 9, செவ்வாய்

கடமான் மூன்று. காட்டுமாடு ஒன்று, தனி. முட்டி வலி அதிகம். புளியம்பட்டியார் எஸ்டேட் என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் இரண்டு மூன்று இருக்கக்கூடும்.

ஜனவரி 10, புதன்

இன்று பார்த்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலை ஏழு ஐந்துக்குக் கணவாய்க்குக் கீழே நாணல் அசைந்தது. மாசாணன் கையைக் காட்டி எங்களைப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தான். ஐந்து யானைகள். முன்னால் ஒரு கிழட்டுப் பெண் யானை, காதோரம் கிழிந்தது. கடைசியில் தாயின் காலுக்கிடையில் ஒரு குட்டி. சத்தமே இல்லாமல் தடத்தில் ஏறி வந்தன.

கிழட்டு யானை மதிலருகே வந்து நின்றது. துதிக்கையைத் தூக்கி விளிம்புவரை கொண்டுபோய், கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. பிறகு மதிலை ஒட்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தது. திரும்ப நடந்தது. நாள்தோறும் வந்து பார்க்குமாம், இன்றைக்காவது திறந்திருக்கிறதா என்று. குட்டி மதிலடியில் படுத்துவிட்டது. உள்ளே யாரோ குளத்தில் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துக் கூட்டம் இடது பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கியது. மாசாணன் எழுந்து நின்று வாயில் விரலை வைத்து நீளமாக மூன்று முறை விசில் அடித்தான். கீழேயிருந்து பதில் விசில் வந்தது.

"அந்தப் பக்கந்தான் எங்க பதிங்க. இங்க வழி இல்லேன்னா அதுங்க அங்கதான் எறங்கும். தண்ணி எடுக்கற பாதை அது. சனத்த உள்ள போகச் சொல்லி விசிலு."

பதியில் யாருக்காவது ஆபத்து வந்திருக்கிறதா என்று ஃபர்ஹானா கேட்டாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்கப்பன் போயிட்டாருங்க. கொடத்தோட. அவருக்குக் காது மந்தம், விசிலு கேக்கல. ஆனையக் குத்தஞ் சொல்ல மாட்டேங்க. அது வளைவுல திரும்புச்சு, எதிர்ல ஆளு."

அவனே தொடர்ந்தான்.

"இந்த எடத்துக்கு அனுமதி கேட்டாங்கல்ல சார், அப்ப ஒரு ஆபீசரு நேர்ல பாக்க வாராருன்னு வி.ஏ.ஓ. சொல்லி உட்டாருங்க. ஆனைத் தடத்தக் காட்டோணும்னு நானும் எங்கப்பனும் மொத நாளே வந்து வழியில இருந்த உண்ணிச் செடியெல்லாம் வெட்டி உட்டோம். விடியக்காலம் உரல்பாறைல வந்து உக்காந்தோம். பொழுது எறங்கற வரைக்கும் வல்லீங்க. நாளைக்கு வருவாராட்ட இருக்குதுன்னு எங்கப்பன் சொன்னாரு. அடுத்த நாளும் உக்காந்தோம். மூணாவது நாளும். அப்பறந்தான் தெரிஞ்சுது, அவரு வந்து பாத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாருன்னு."

"பாக்காமயே எப்படி எழுதினாங்க?" என்றாள் ஃபர்ஹானா.

மாசாணன் என்னைப் பார்த்து, "சாருக்குத் தெரியுமில்லீங்க, ஆபீசு வழமையெல்லாம்" என்றான்.

இலாகாவில் ஒரு ஆய்வாளருக்கு நாற்பது கிராமம், தேர்தல் வேலை, ரேஷன் தணிக்கை, சாதிச் சான்று, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டம் என்று விளக்கினேன். அரை மணி நேரம் விளக்கினேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஜனவரி 11, வியாழன்

ரேஞ்சர் ஜீப்பில் பாதி, நடையில் பாதி என்று முகாமுக்கே வந்துவிட்டார். கையில் கோப்பு. டீ குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார், வர்ற பதினெட்டாந்தேதி நீலமுகில் ரெண்டாவது கட்டடத்துக்கு மாவட்டக் குழு கூடுது. ஏழாம் தடத்துப் படிவத்தையும் கேட்டிருக்காங்க. அந்த மதிலை ஒட்டின எரநூறு மீட்டருக்கு மட்டும் தடயம் இல்லைன்னு போட்டுக் குடுத்துருங்க. தன்னார்வலர் கையெழுத்து இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. எனக்கு மேலருந்து போன் மேல போன்."

வெகுண்டுவிட்டேன். ஐந்து யானையைக் கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதவா? காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிற நீரா இதைக் கேட்பது? அந்தக் குட்டி மதிலடியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தீரா? எல்லாம் கேட்டேன். வார்த்தை முட்டவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோப்பைப் புரட்டி ஒரு நகலை எடுத்தார். "நான் ஒண்ணும் புதுசா கேக்கல சார். பழசுலயே இருக்கு, பாருங்க. ரெவின்யூல குடுத்தது." வாசித்தார்: "'மேற்படி புலம் நேரில் தணிக்கை செய்யப்பட்டது. யானை நடமாட்டத்துக்கான தடயம் ஏதும் காணப்படவில்லை. அக்கம்பக்கத்தாரை விசாரித்ததிலும் அவ்வாறே தெரியவருகிறது.' அப்பவே இல்லாத யானை இப்ப எங்கருந்து வந்துதுன்னு அவங்க வக்கீல் கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

நகல் மங்கலாக இருந்தது. கீழே இருந்த கையெழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி பைக்குள் இருந்தது.

ஃபர்ஹானா வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த இன்றைய படிவத்தைப் பார்த்தாள். நகலை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாலையில் செல்போன் கோபுரம் எட்டுகிற பாறைக்குப் போய் வீட்டில் மனைவி ருக்மணிக்குப் பேசினேன். பீரோவில் 2011 டைரியை எடுத்து, நகலில் இருந்த தேதியான ஏப்ரல் 26ஐப் படிக்கச் சொன்னேன். அரசாங்க நாட்குறிப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், என் டைரியில் பொய் இருக்காது.

எடுத்தாள். படித்தாள். முடித்துவிட்டு, "ஏனுங்க, இப்ப எதுக்கு இது?" என்றாள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 12, வெள்ளி

ஏழாம் தடத்துப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். மதிலை ஒட்டிய இருநூறு மீட்டரில் லத்திக் குவியல் முப்பத்தொன்று. நேரடிக் காட்சி ஐந்து, அதில் குட்டி ஒன்று. கையெழுத்துப் போட்டேன். ஃபர்ஹானாவும் போட்டாள். ரேஞ்சர் வாங்கிக்கொண்டு, "உங்க இஷ்டம் சார்" என்றார்.

இறங்கும்போது உரல்பாறையில் மாசாணன் நின்று எனக்கும் சேர்த்துத் தழை போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானே போடவும் கை வரவில்லை.

ஜனவரி 13, சனி. வீடு

வந்து குளித்ததும் டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். யாருக்காக மறைக்கிறேன். இதோ அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

'26-4-2011, செவ்வாய். புளியம்பட்டியார் எஸ்டேட் தணிக்கை. பங்களாவில் மதிய உணவு, நாட்டுக்கோழி, அருமை. மேலே ஏறவில்லை. கடும் வெயில், முட்டி வேறு. மேஸ்திரி சொன்னதை வைத்து அறிக்கை எழுதிவிட்டேன். மேலே மலைவாசிகள் இருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். போகச் சொல்லிவிடுங்கள் என்றேன். நல்ல தூக்கம். ஆறு மணி பஸ்.'

நான் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட ஒரு பேராசை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சோற்றுக்கும் ஒரு தூக்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றே மறந்தும் போயிருக்கிறேன். நாற்பது கிராமம், தேர்தல் வேலை என்று புதன்கிழமை மாசாணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ருக்மணியிடம் பதினெட்டாம் தேதி போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"பென்சன்ல கை வெச்சாங்கன்னா?"

"வெக்கட்டும்."

"ஊர்ல என்ன பேசுவாங்க? நேர்மையான மனுசன்னு பேரு வாங்கி வெச்சிருக்கீங்க."

அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்டது.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

கவிநயாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். அழுதாள். பிறகு, "டைரியை மறக்காம எடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள்.

ஜனவரி 18, வியாழன்

குளிரூட்டிய கூட்ட அறை. நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரிகள், மறு பக்கம் நீலமுகில் ஆட்களும் வக்கீலும். ரேஞ்சர் சுவரோரம். ஃபர்ஹானா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். மாசாணனை உள்ளே விடவில்லை, பட்டியலில் பெயர் இல்லையாம். மூன்று பஸ் மாறி வந்தவர் வராந்தாவில் நின்றார். அதற்குச் சண்டை போட்டேன். பயனில்லை.

வக்கீல் எதிர்பார்த்தபடியே பழைய அறிக்கையை வாசித்தார். "நேர்மைக்குப் பேர்போன ஒரு வருவாய் ஆய்வாளர் நேரில் தணிக்கை செய்து கொடுத்த சான்று இது" என்றார். நான் எழுந்தேன். கோபத்தில் முட்டிக்கொள்ளும் என்பதால் எழுதியே கொண்டுபோயிருந்தேன். வாசித்தேன்.

"அந்த வருவாய் ஆய்வாளர் நான். பெயர் கு. நாச்சிமுத்து. நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. தணிக்கை செய்யவில்லை. யாரையும் விசாரிக்கவில்லை. காட்டுவதற்கு ஆள் காத்திருந்தும் போகவில்லை. அந்த அறிக்கை பொய். அன்று நான் எழுதிய சொந்த டைரி இது, தாக்கல் செய்கிறேன்."

வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். "அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு உண்மை சொல்கிறார் என்று எப்படி நம்புவது?"

இதற்கு நான் எழுதிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் வாய் வந்தது. "அன்னிக்குப் பொய் எழுதினதுக்கு எனக்குக் கோழிக் கொழம்பு கெடைச்சுது. இன்னிக்கு உண்மையைச் சொல்றதுக்குக் கேஸ் கெடைக்கும். எதை நம்பறதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

டைரியை வாங்கி ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். என் கோழிக் குழம்பை எட்டு அதிகாரிகள் படித்தார்கள். கடைசியில் உத்தரவு: இரண்டாவது கட்டட வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது. மதில் உட்படப் புதிதாக நேரடித் தணிக்கை, 22ஆம் தேதி, தற்போதைய வருவாய் ஆய்வாளர் அறிக்கை தர வேண்டும். என்மேல் நடவடிக்கை பற்றித் தனியாகக் கடிதம் வரும். வரட்டும்.

வெளியே வந்து மாசாணனிடம் சொன்னேன். "அந்த ஆபீசர் நான்தாங்க."

"தெரியுமுங்க சார்."

"எப்ப இருந்து?"

"மொத நாளே. பட்டியல்ல உங்க பேரப் படிச்சப்பவே. அந்தக் காயிதத்த எத்தன ஆபீசுல எத்தன தடவ எங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க, அந்தப் பேரு மறக்குமுங்களா? நாந்தான் ரேஞ்சர்கிட்ட உங்கள ஏழுக்கு மாத்தச் சொன்னேன்."

எதற்கு என்று கேட்டேன். பழி வாங்கவா என்றும் கேட்டேன்.

"இல்லீங்க. ஒருக்காலாவது மேல வந்து பாக்கட்டும்னுதான்." பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். "அன்னைக்கு உரல்பாறைல மூணு தழை போட்டமுங்க. எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு. வாற ஆபீசருக்குத் தெரியாது, ஆனை ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு எங்கப்பன் உங்களுக்கும் ஒண்ணு ஒடிச்சுப் போட்டாரு. அடுத்த நாளும் போட்டாரு. மூணாவது நாளும்."

நடுரோட்டில் நின்று அழுதேன். வயதான ஆள் அழுவதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 19, வெள்ளி

இப்போதைய வருவாய் ஆய்வாளர் சண்முகவடிவு என்ற பெண். அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தேன். "திங்கக்கிழமை நெறைய வேலை இருக்கு சார், கீழ இருந்தே பாத்துட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை, எல்லா மேசையிலிருந்தும் எழுந்து பார்த்தார்கள். திங்கள் காலை ஐந்தரைக்கு அவள் வீட்டு வாசலில் ஜீப்போடு நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 22, திங்கள். உரல்பாறை

காலை 8.50. சண்முகவடிவு, ஃபர்ஹானா, நான். எங்களுக்கு முன்பே மாசாணன் வந்து உட்கார்ந்திருந்தார். வழியில் உண்ணிச் செடி வெட்டியிருந்தது.

தழைகள் ஐந்து போட்டோம். எனக்கு நானே ஒடித்தேன். ஐந்தாவதும் நான் போட்டதுதான், மாசாணனின் அப்பாவுக்கு. அவர் பெயர் வெள்ளையன். இத்தனை நாள் நான் கேட்கவில்லை.

8.55க்கு மேலே ஏறத் தொடங்கினோம்.